இரண்டாம் நாளுக்கு விடுபட்ட வார்த்தை

எருசலேம்
ஹெஷ்வான் மாதம் 16, வாரத்தின் முதல் நாள்

எல்யாகிம் அவர்களுக்குச் சமாதானம்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். மூன்று வாரமும் ஒரு நாளும் பொறுத்துவிட்டேன். ‘நீங்கள்’ என்று மரியாதையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடமாக வராத மரியாதை இன்றைக்குப் புதிதாக வர மறுக்கிறது. ஆகவே ‘நீ’ என்றே எழுதுகிறேன். இதை நெருக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்று காலைத் தொழுகை முடிந்ததும் நம் ஜெப ஆலயத்துக் காரியதரிசி ஒவாத்யா என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினான். “ஐயா, எல்யாகிம் போன் பண்ணினாரு. உங்க வீட்டு சிங்குக்கு அடியில அவரோட டூல்ஸ் பெட்டி இருக்காமே. அதை நஹாரியா பஸ்ல போட்டு விடணுமாம். மக வீட்டுலயே தங்கிடப் போறாராம். இங்க அவர் உட்கார்ற இடத்தையும் இந்த மாசக் கடைசிக்குள்ள வேற யாருக்காவது கொடுத்துடச் சொன்னாரு” என்றான். சொல்லிவிட்டு, உன் இடம் எனக்கு வேண்டுமா என்றும் கேட்டான். தூணுக்குப் பக்கத்தில் காற்று அடிக்காத இடம். பத்தொன்பது வருடமாக ஜன்னலோரத்தில் என்னை உட்கார வைத்துக் கழுத்து வலியைச் சம்பாதித்துக் கொடுத்தவன் இப்போது கேட்கிறான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ சூடாக்கி வைத்த பலகை எனக்கு எதற்கு?

என் வீட்டில் இருக்கும் பெட்டியைப் பற்றி ஒவாத்யாவிடம் பேசுகிறாய். என்னிடம் பேச உனக்கு நாக்கு வரவில்லை. வராதுதான். ஏன் வராது என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு நினைவில்லாவிட்டால் நான் நினைவுபடுத்துகிறேன். நினைவு வைத்துக்கொள்வது என் தொழில். நூலகத்தில் முப்பது வருடமாக, எழுதியவன் பெயர் இல்லாத ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இது யாருடையது என்று தேடிப் பட்டியலில் ஏற்றுகிறவன் நான். செத்து நானூறு வருடமான மனிதனுக்கு அவன் வார்த்தையை மீட்டுக் கொடுத்திருக்கிறேன். உயிரோடு இருக்கும் எனக்கு என் வார்த்தையை மீட்டுக்கொள்ளத் தெரியாதா?

பண்டிகையன்று காலை, வருடம் முழுக்க வாசித்து வந்த வேதச் சுருளின் கடைசி வசனத்தை முடித்த கையோடு முதல் வசனத்தைத் தொடங்கும்போது, தொடக்கத்தை வாசிக்க உன்னை அழைத்தார்கள். ஐம்பத்தேழு வயதில், முழங்கால் வலியோடு, மனைவி போய் ஆறு வருடத்துக்குப் பிறகு நீ ‘ஆதியாகமத்தின் மாப்பிள்ளை’ என்ற பட்டத்தை வாங்கினாய். நான் பொறாமைப்படவில்லை. பத்தொன்பது வருடமாக அந்த அழைப்புக்குக் காத்திருக்கிறவன் பொறாமைப்படுவதற்கு நேரம் எங்கே? ஒருமுறை ஒவாத்யாவிடம் நேராகவே கேட்டேன், என்னை ஏன் அழைப்பதில்லை என்று. “ஐயா, மாப்பிள்ளைன்னா ஊருக்கு விருந்து போடணும், சிரிக்கணும். நீங்க விருந்து போட்டுடுவீங்க” என்றான்.

அதற்கடுத்த ஓய்வுநாளில் விருந்து. உன் வீட்டில் சமைக்க ஆள் இல்லை என்று ருஹாமா எங்கள் அடுப்பில்தான் மூன்று பெரிய குகெல் செய்தாள். என் மனைவி, என் அடுப்பு, என் மிளகு. நூடுல்ஸ் கொஞ்சம்கூடக் குழையாமல், சர்க்கரை சரியாகக் கருகி, அது அவள் வாழ்நாளிலேயே சிறந்த குகெல். அதை வாயில் வைத்திருக்கும்போதுதான் நீ எழுந்து பேசத் தொடங்கினாய்.

என்ன பேசினாய்? ஆறு நாள் படைப்பில் ஒவ்வொரு நாளும் ‘நல்லது என்று கண்டார்’ என்று வருகிறது, இரண்டாம் நாளில் மட்டும் வரவில்லை, ஏன் என்று கேட்டாய். மேலே உள்ள நீரையும் கீழே உள்ள நீரையும் பிரித்ததோடு அந்த நாள் முடிந்துவிட்டது, வேலை பாதியில் நிற்கிறது, மூன்றாம் நாள்தான் நீர் ஓரிடத்தில் சேர்ந்தது, அதனால்தான் மூன்றாம் நாளில் ‘நல்லது’ இரண்டு முறை வருகிறது என்றாய். இதுவரை சரி. இதை நம் பழைய உரைகாரர்களே சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் திருட்டு. “நல்லதுன்னு சொல்லலையே தவிர, கெட்டதுன்னும் சொல்லல. வேலையைப் பாதியில விட்டுட்டுப் போறவன் பெட்டியை அந்த வீட்டுலயே வெச்சுட்டுப் போவான். பெட்டி இருந்தா ஆள் திரும்பி வருவான்னு அர்த்தம். அந்த ராத்திரி முழுக்க கடவுளோட பெட்டி தண்ணிக்குப் பக்கத்துலயே இருந்துச்சு” என்றாய். சபை முழுவதும் ஆகா என்றது. ஒவாத்யா கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அது என் விளக்கம், எல்யாகிம். பதினோரு வருடத்துக்கு முன் நம் ஜெப ஆலயத்து வாராந்தரத் தாளில் வந்தது. அடியில் என் பெயர் அச்சாகியிருக்கிறது. ஒருவன் சொன்னதைச் சொல்லும்போது அவன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். சந்தையில் வெங்காயம் விற்கிறவன்கூட, “என் மச்சான் சொன்னது” என்று சொல்லிவிட்டுத்தான் பழைய ஜோக்கைச் சொல்கிறான்.

அதனால்தான் தட்டோடு எழுந்து, “யார் சொன்னது அது? பெயரைச் சொல்!” என்று கேட்டேன். வாயில் குகெல் இருந்ததால் சத்தம் சற்றுக் கூடிப்போயிற்று. நீ என்ன செய்தாய்? கண்ணைக் கொட்டிக்கொண்டு, “நான்தாம்ப்பா சொன்னேன்” என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்போது நான் ‘திருடன்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியது உண்மை. அதையும் எல்லோரும் கேட்டார்கள். நீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உன் விருந்திலிருந்து நீயே வெளியே போய்விட்டாய். இரண்டு நாளில் நஹாரியா.

‘மனிதனை உண்டாக்குவோமாக’ என்று பன்மையில் ஏன் வருகிறது? கடவுளுக்கு யாரையும் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் தூதர்களோடு கலந்து பேசினார். பெரியவன் சின்னவனைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்று காட்டுவதற்காக. இதை எத்தனை முறை சேர்ந்து படித்திருக்கிறோம்! எழுந்து பேசுவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? இதில் நான் சின்னவன் என்று அர்த்தம் இல்லை.

பெட்டியை அனுப்பப் போவதில்லை. காரணம் கேட்டால் சொல்கிறேன். ஒன்று, அது பதினெட்டுக் கிலோ. இரண்டு, பாதி திறந்த சிங்க் என் வீட்டில்தான் இருக்கிறது. விருந்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை குனிந்து பைப்பைக் கழற்றினாய், வாஷர் போய்விட்டது என்றாய், கடைகள் ஓய்வுநாளுக்குச் சீக்கிரம் மூடிவிடும் என்றாய், “ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடறேன், பண்டிதரே” என்று பெட்டியை அங்கேயே தள்ளிவிட்டுப் போனாய். இருபத்து மூன்று நாளாக நாங்கள் குளியலறையில் பாத்திரம் கழுவுகிறோம். நேற்றுப் பல் துலக்கும்போது என் தூரிகையில் ஊறுகாய் வாசம் வந்தது.

தாளையும், அந்த விளக்கம் எனக்குத் தோன்றிய நாளின் என் குறிப்பையும் தேடி எடுத்து இத்துடன் நகல் இணைக்கிறேன். கடிதத்தின் அடியில் என் முழுப் பெயரையும், தகப்பன் பெயரையும் சேர்த்துப் பெரிய எழுத்தில் போடப் போகிறேன். சொன்னதற்குப் பெயர் போடுகிறவன் எப்படி இருப்பான் என்று நீ பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள்

நேற்றே அஞ்சலில் சேர்த்திருப்பேன். தாள் கிடைத்தது. குறிப்பு கிடைக்கவில்லை. பழைய நோட்டுகள் அலமாரியின் உச்சியில் இருக்கின்றன. ஏணி உன் வீட்டில் இருக்கிறது. உன் வீட்டுச் சாவி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக ருஹாமாவிடம் இருக்கிறது. அவள் தரமாட்டேன் என்கிறாள். “திருடன் வீட்டு ஏணி உனக்கு எதுக்கு?” என்கிறாள்.

எனவே வேறு சாட்சி தேடினேன். நூலகத்தில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிரேக்க மடத்துக்குப் போனேன், பாதர் நிக்கொதிமோசைப் பார்க்க. அந்த விளக்கம் பிறந்தது அவர் சமையலறையில்தான். பதினோரு வருடத்துக்கு முன் நீ அங்கே அடைப்பு எடுக்கப் போயிருந்தாய். ஆதியாகமத்தை எபிரேயத்தில் படிக்க அவருக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். நான் நாற்காலியில், அவர் அடுப்பருகே, நீ தரையில் சிங்குக்கு அடியில் மல்லாந்து. உன் கால்கள் மட்டும் எங்களுக்குத் தெரிந்தன.

பாதருக்கு எண்பது தாண்டிவிட்டது. தாடி இடுப்பைத் தொடுகிறது. என்னைப் பார்த்ததும் மகிழ்ந்து, “குழாய்க்காரர் எங்கே?” என்றார். ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். முகம் வாடிவிட்டது. எனக்காக இல்லாமல் உனக்காக வாடிய மூன்றாவது முகம் அது. இந்த வாரக் கணக்கு மட்டும்.

காப்பி கொடுத்தார். பிறகு வழக்கம்போல் ‘உண்டாக்குவோமாக’ என்பதற்கு மூன்று விரலைக் காட்டினார், பிதா, குமாரன், ஆவி என்று. நான் வழக்கம்போல் தூதர்கள் என்றேன். பதினோரு வருடமாக நாங்கள் இருவரும் ஒரு அங்குலம் நகரவில்லை என்பதில் அவருக்கு மிகுந்த திருப்தி. பிறகு தன் கிரேக்க வேதாகமத்தைத் திறந்தார். உனக்கு நினைவிருக்கும், அவருடைய புத்தகத்தில் இரண்டாம் நாளிலும் ‘நல்லது’ உண்டு. நம் சுருளில் இல்லாத வார்த்தை அவர்கள் புத்தகத்தில் இருக்கிறது. அன்றைக்கு நான், இது பிற்சேர்க்கை, மொழிபெயர்த்தவனின் பிழை என்று அரைமணி நேரம் நிரூபித்தேன். நான் முடித்ததும் கீழேயிருந்து உன் குரல் வந்தது. “பாவம், ஒரு நாள் மட்டும் நல்லதுன்னு பேர் வாங்காம நிக்குதேன்னு யாரோ ஒரு நல்ல மனுஷனுக்குத் தாங்கல. சேர்த்துட்டான்.”

சரி, அது நீ சொன்னது. அதை நான் மறுக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த பெட்டி விளக்கம்தான் என்னுடையது. பாதரிடம் கேட்டேன்: “பாதர், பெட்டியை விட்டுவிட்டுப் போனவன் திரும்பி வருவான் என்று அன்றைக்கு ஒருவர் சொன்னாரே, யார் சொன்னது, நினைவிருக்கிறதா?”

“ஏன் நினைவில்லாம?” என்றார். “அது குழாய்க்காரர் சொன்னதுதானே? அவர் சொன்னதும் நீங்க சிரிச்சீங்க. ‘கடவுளுக்கு ஏதப்பா ஸ்பேனர்’ன்னு கேட்டீங்க. ரொம்ப நேரம் சிரிச்சீங்க. அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, நோட்டை எடுத்து எழுதிக்கிட்டீங்க.”

பாதருக்கு எண்பது தாண்டிவிட்டது என்பதை மீண்டும் குறிப்பிட விரும்புகிறேன். காதும் மந்தம். போன மாதம் வந்த தபால்காரரைத் தங்கள் பேராயர் என்று நினைத்து அவர் கையை முத்தமிட்டவர். இவருடைய சாட்சியை எந்த நீதிமன்றமும் ஏற்காது.

வீட்டுக்கு வந்து ருஹாமாவிடம் சொன்னேன், பாதருக்கு நினைவு தப்பிவிட்டது என்று. அவள் குளியல் தொட்டியில் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, “உனக்கும்தான்” என்றாள். பிறகு, “மனுஷன் தனியா இருக்கிறது நல்லதில்லன்னு எழுதியிருக்கே, அது பொண்டாட்டியைப் பத்தின்னு எல்லாரும் சொல்றீங்க. முப்பது வருஷமா நானும் நம்பினேன். இப்பத் தெரியுது. சண்டை போட ஒரு ஆள் இல்லாம இருக்கிறதைப் பத்திச் சொன்னது அது. உன்னோட சண்டை போட எனக்கு நேரம் இல்லப்பா. போய் எல்யாகிமைக் கூட்டிட்டு வா” என்றாள். சாவியைத் தூக்கி என் மடியில் போட்டாள். ஈரமாக இருந்தது.

ஒரு பெண் சமையல் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இரண்டாம் அதிகாரத்துக்கு உரை சொல்வதை நான் இதற்கு முன் கேட்டதில்லை. இது ருஹாமா சொன்னது என்று பெயரோடு எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள்.

உன் வீட்டுக்குப் போனேன். செடிகள் நன்றாக இருக்கின்றன. மேசையில் நாம் சாப்பிட்டுப் போட்ட பிஸ்தாத் தோல் இன்னும் கிடக்கிறது. நீ எப்போதும் இப்படித்தான். நான் அள்ளவில்லை. நீ வந்து அள்ளுவாய். அதாவது, வந்தால். ஏணியை எடுத்துக்கொண்டு வந்தேன். இருட்டிவிட்டது. இன்றைக்கு இவ்வளவு போதும். இந்த நாளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள்

நோட்டு கிடைத்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் மற்ற செய்திகள். மழை இன்னும் தொடங்கவில்லை, ஆனால் எல்லோரும் குடை வாங்குகிறார்கள். சந்தையில் மாதுளை முடிந்துவிட்டது. நூலகத்தில் புதிய இயக்குநர் என்னைவிட பதினாறு வயது சிறியவர். என் பெயரை இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் என் மேசையை ஜன்னலிலிருந்து படிக்கட்டுக்கு மாற்றத் தெரிந்திருக்கிறது. போன வாரம் மூன்றாம் நாள், நம் படிப்புச் செவ்வாய், மாலை ஐந்து மணிக்குப் பழக்கத்தில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உன் வாசல் வரை போய்விட்டேன். கதவைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது. எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். உன் மின்சார மீட்டரைப் படிக்க வந்ததாகச் சொன்னேன். நம்பவில்லை.

மூன்றாம் நாளை நாம் படிப்புக்குத் தேர்ந்தெடுத்தது அதிலே ‘நல்லது’ இரண்டு முறை வருகிறது என்பதற்காகத்தான். ஊரே அன்றைக்குத்தான் கல்யாணம் வைக்கிறது, வீடு மாறுகிறது, நாமும் அன்றைக்கே வைத்துக்கொள்வோம் என்றாய். இதுவும் நீ சொன்னது.

சரி. நோட்டு.

கறுப்பு அட்டை, பதினோரு வருடத்துக்கு முந்தையது, என் கையெழுத்து. பென்சில். மடத்துச் சமையலறை என்று இடம், தேதி, எல்லாம் முறையாக இருக்கிறது. நான் எப்போதும் முறையாகத்தான் எழுதுவேன். அதுதான் கஷ்டம். பக்கத்தின் நடுவில் இப்படி இருக்கிறது: ‘எல்யாகிம், சிங்குக்கு அடியிலிருந்து’. அதற்குக் கீழே, பெட்டி, திரும்பி வருகிறவன், தண்ணீர், முழுவதும். நீ விருந்தில் சொன்ன அதே வார்த்தைகள். ஓரத்தில் சின்ன எழுத்தில் நான் ஒரு கேள்வியும் போட்டிருக்கிறேன்: ‘கடவுளுக்கு ஏது ஸ்பேனர்?’

ஏணியில் நின்றபடியே வாசித்தேன். ருஹாமா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “கிடைச்சுதா?” என்றாள். கிடைத்தது என்றேன். “யார் சொன்னது?” என்றாள். நான் நோட்டை மூடினேன். அவள் ஏணியைக் கொஞ்சம் ஆட்டினாள். சொல்லிவிட்டேன்.

ஒரு ஏடு யாருடையது என்று தீர்மானிக்க என் தொழிலில் இதைவிட நல்ல சான்று கிடைக்காது. சொன்னவன் பெயர், இடம், நாள், எதிரியே எழுதிய ஒப்புதல். வேறு யாருடைய வழக்காவது இருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதி மூடியிருப்பேன்.

எப்படி நடந்தது என்று நேற்று முழுக்க யோசித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்கு ஏணியில் ஏறியதிலிருந்துதான் யோசிக்கிறேன். தாளுக்குக் கட்டுரை கேட்டார்கள். நீ சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மூன்று உரைகாரர்களிடமிருந்து மேற்கோள் சேர்த்தேன். மேற்கோளுக்கு மேல் மேற்கோளாக அடுக்கியதில், அடியில் மல்லாந்து கிடந்தவன் தெரியாமல் போய்விட்டான். பிறகு பதினோரு வருடம் நான் அதை எல்லோருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல என்னுடையதாகிவிட்டது. கடைசியில் உன்னிடமே சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா, உன் மனைவியின் நினைவுநாளில்? நீ தலையாட்டிக் கேட்டாய்.

அந்தத் தாள் வந்த ஓய்வுநாளன்று நீ அதை முழுவதும் படித்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அழகா எழுதியிருக்கே, பண்டிதரே” என்றாய். அவ்வளவுதான். பதினோரு வருடத்தில் ஒரு வார்த்தை இல்லை. அதைப் பெரிய மனது என்று மற்றவர்கள் சொல்வார்கள். நான் சொல்கிறேன், அது அநியாயம். அன்றைக்கே சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருந்தால், இன்றைக்கு எனக்கு இந்த நிலை வந்திருக்குமா? ஒரு மனிதனைப் பதினோரு வருடம் தவறாகவே இருக்க விட்டுவிட்டாய். இதை நான் உன் கணக்கில்தான் எழுதப் போகிறேன். எல்லாவற்றையும் என் கணக்கில் எழுத முடியாது.

இன்று காலைத் தொழுகையில் சுருள் வாசிக்கும் நாள் இல்லை, ஆனாலும் முடிந்ததும் நான் மேடைக்குப் போய் மேசையைத் தட்டினேன். கலைந்து போகிறவர்கள் நின்றார்கள். “இரண்டாம் நாளைப் பற்றிய அந்த விளக்கம் எல்யாகிம் சொன்னது. பதினோரு வருடத்துக்கு முன். சிங்குக்கு அடியிலிருந்து” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஒவாத்யா, “அதுதான் எங்க எல்லாருக்கும் தெரியுமே ஐயா, தாள்ல படிச்சப்பவே தெரியும், உங்க எழுத்துல எப்ப ஸ்பேனர் வந்திருக்கு?” என்றான். எல்லோரும் மறுபடியும் சிரித்தார்கள். அடுத்த வருடம் மாப்பிள்ளையாக அழைப்பார்கள் என்ற நம்பிக்கையை இத்துடன் விட்டுவிட்டேன்.

‘திருடன்’ என்ற சொல்லைப் பற்றி: சொல் சரியானதுதான். ஆள்தான் மாறிவிட்டது.

உன் இடத்தில் யாரையும் உட்கார விடவில்லை. என் தொழுகைச் சால்வைப் பையை அதில் வைத்திருக்கிறேன். ஒவாத்யா அதை எடுத்தால் கழுத்து வலிக்கு மருத்துவச் சான்றிதழ் காட்டுவேன் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியைப் பற்றி: அனுப்ப மாட்டேன். பதினெட்டுக் கிலோ என்று முதல் நாள் எழுதினேன், நான் தூக்கிப் பார்க்கவில்லை. இன்று தூக்கிப் பார்த்தேன். தூக்கக்கூடிய எடைதான். இருந்தாலும் அனுப்ப மாட்டேன். ருஹாமா சந்தையில் வேறு பிளம்பரை விசாரித்துவிட்டு வந்தாள், என்னைச் சோதிப்பதற்காக. வேண்டாம் என்றேன். வேலை பாதியில் நிற்கும் வீட்டில் பெட்டி இருக்கும்வரை வேறு ஆளைக் கூப்பிடக் கூடாது. இதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டாள். எல்யாகிம் சொன்னது என்றேன்.

கடைத்தெருவுக்குப் போய் வாஷர் ஒன்று வாங்கினேன். எந்த அளவு என்று தெரியாததால் ஆறு அளவிலும் ஒவ்வொன்று வாங்கினேன். பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். எதுவும் பொருந்தாவிட்டால் நீ திட்டலாம். நேரில் திட்டு. போனில் என்றால் உன் மகள் வீட்டில் பில் ஏறும்.

இன்னொன்றும் செய்தேன். உன்னிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை, நூலகத்தில் தெரிந்தால் என் வேலை போய்விடும். என் சொந்த வேதாகமத்தில்தான், நூலகத்துடையதில் அல்ல. முதல் அதிகாரத்தில் இரண்டாம் நாள் முடியும் இடத்தில், ஓரத்தில், பென்சிலால், அந்த விடுபட்ட வார்த்தையை எழுதிவிட்டேன். ‘நல்லது.’ பிழை என்று எனக்குத் தெரியும். பிற்சேர்க்கை என்று எனக்குத் தெரியும். ஆனால் நேற்று இரண்டாம் நாள், நீ இல்லாத வீட்டில் பிஸ்தாத் தோலைப் பார்த்துவிட்டு வந்த நாள், அதற்கும் ஒன்றுமே இல்லாமல் போகக் கூடாது என்று எனக்கும் தாங்கவில்லை.

நஹாரியாவிலிருந்து முதல் பேருந்து ஆறரைக்கு. அடுத்த மூன்றாம் நாள் அதில் ஏறினால் மத்தியானத்துக்குள் சிங்க் முடிந்துவிடும். ஐந்து மணிக்கு இரண்டாம் அதிகாரத்தைத் தொடங்கலாம். மனிதன் மண்ணிலிருந்து என்கிற இடம். அதில் நீ சொல்லப் போவது எல்லாம் தவறாகத்தான் இருக்கும். நான் மறுப்பு தயார் செய்து வைத்திருக்கிறேன். பிஸ்தா என் செலவு.

கடலோரக் காற்று உன் முழங்காலைக் கெடுக்காமல் இருக்கட்டும். உன் பேத்தி பேரன்கள் உன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளாத அளவுக்கு மட்டும் உன்னை நேசிக்கட்டும். பேருந்துப் படிகள் தாழ்வாக இருக்கட்டும். வழி சமாதானமாக இருக்கட்டும், வீட்டு வாசல் வரை.

ருஹாமா உறையில் முகவரி எழுதிவிட்டாள். அடியில் என் பெயரைப் போடவில்லையா என்று கேட்கிறாள். தகப்பன் பெயரோடு பெரிய எழுத்தில் போடப் போவதாக முதல் நாள் எழுதியது நினைவிருக்கிறது. போடவில்லை. பதினோரு வருடம் உன் வார்த்தைக்கு அடியில் என் பெயர் உட்கார்ந்திருந்தது. அந்த இடம் இப்போது கொஞ்சம் காலியாகக் கிடக்கட்டும். அஞ்சலகம் மூடுவதற்குள் பெயர் இல்லாமலே சேர்த்துவிடுகிறேன். யார் எழுதியது என்று உனக்குத் தெரியும்.